ஊசி படாத சோதனை: ஊறு நீங்கியதா?

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நமக்கு நெருக்கமான குடும்பம் ஒன்று உண்டு. அக்குடும்பத்தின் மூத்தவர் எண்பது வயதை எட்டிக்கொண்டிருப்பவர். மதுவையும் புகையிலையையும் வாழ்நாளில் தொட்டறியாதவர். ஆனால் உண்ட பின் வெற்றிலை பாக்கு இல்லாமல் அவருக்கு ஒரு பொழுதும் கழிந்ததில்லை. அவருடைய கன்னத்தின் உட்புறத்தில் வெண்ணிறத் திட்டு ஒன்று தோன்றியிருப்பதை ஒரு நாள் மருமகள் கண்டுவிட்டார். "மருத்துவரிடம் காட்டிவிட்டு வரலாம் மாமா" என்று பலமுறை வேண்டியும் பெரியவர் அசையவில்லை. "வாயைத் திற என்பார்கள், அடுத்தது கத்தியை எடுப்பார்கள்" என்பதே அவர் விடை.

வெளிநாட்டில் பணிபுரியும் பேரன் இச்செய்தியைக் கேட்டான். உமிழ்நீரைக் கொண்டே வாய்ப்புற்றைக் கண்டறியும் சோதனைகளைப் பற்றி அவன் படித்திருந்தான். தொலைபேசியில் தாய்க்கு ஒரு வழி சொன்னான்: "தாத்தாவின் படிக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அனுப்பிவிடுங்கள் அம்மா. அவருக்குத் தெரியவே வேண்டாம்."

அந்த அம்மையார் நம்மிடம் வந்து கேட்டது இதுதான்: "ஊசி குத்தவில்லை, இரத்தம் எடுக்கவில்லை, அவருக்கு ஒரு நோவும் இல்லை. பிறகு இதில் என்ன தவறு இருக்க முடியும்?"

கேட்டவுடன் விடை சொல்ல நமக்கு இயலவில்லை. எறும்புக்கும் ஊறு நேராதபடி நடக்க வேண்டும் என்று பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்த நமக்கு, உடலைக் கீறாமல் நோயை அறியும் வழி ஒன்று வந்தால் அதை வரவேற்கவே மனம் விரையும். விரைந்தது உண்மை. ஆயினும் ஏதோ ஒன்று நெஞ்சில் உறுத்தியது. அவ்வுறுத்தலைத் தொடர்ந்து சென்றதன் விளைவே இக்கட்டுரை.

முதலில், பேரன் சொன்ன செய்தி மெய்தானா என்று பார்த்தோம். பெரும்பாலும் மெய்யே. நம் வாயில் மூன்று இணைப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகளும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் உள்ளன. அவை நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கின்றன. அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். என்றாலும் சுரப்பிகளைச் சூழ்ந்துள்ள நுண்குழாய்களின் இரத்தத்திலிருந்து பல பொருள்கள் அதில் வந்து சேருகின்றன; வாயின் உட்சவ்விலிருந்து உதிரும் உயிரணுக்களும் கலக்கின்றன. வாய்க்குள் புற்று இருக்குமானால் அதன் அணுக்களும், அவற்றின் மரபணுத் துணுக்குகளும் அந்நீரிலேயே கழுவப்பட்டு வரும். எச்சில் என்று நாம் முகஞ்சுளித்து ஒதுக்குகின்ற ஒன்று, உடலின் உள்நிலையை வெளியே எடுத்துச் சொல்லும் தூதாக இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் வோங் என்பாரின் குழுவினர் இத்துறையில் நெடுங்காலம் உழைத்தவர்கள். 2004-ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வில், வாய்ப்புற்று உடையோர் 32 பேர், நலமாக உள்ளோர் 32 பேர் ஆகியோரின் உமிழ்நீரை ஒப்பிட்டனர். சில ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளின் அளவைச் சேர்த்துப் பார்த்தபோது, நோயுள்ளவரை நோயுள்ளவர் என்று நூற்றுக்கு 91 என்ற அளவிலும், நலமுள்ளவரை நலமுள்ளவர் என்று அதே 91 என்ற அளவிலும் பிரித்தறிய முடிந்தது. 2015-ஆம் ஆண்டில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுடைய 93 பேரை ஆராய்ந்து, அவர்களில் 76 விழுக்காட்டினரின் உமிழ்நீரில் புற்றின் மரபணுத் தடயத்தைக் கண்டனர். சோதனைக்கு முன் சிறிது நேரம் உண்ணாமலும் பருகாமலும் இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. கதிரவன் மறையுமுன் உணவை முடித்துக்கொள்ளும் வீட்டாருக்கு இது ஒரு நோன்பாகவே தோன்றாது!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்விரு ஆய்வுகளிலும் சோதிக்கப்பட்ட நோயாளிகள், நோயுள்ளவர்கள் என்று முன்னரே அறியப்பட்டவர்கள். நலமாக நடமாடும் ஊர்மக்கள் அனைவரையும் வரிசையில் நிறுத்திச் சோதிக்கும்போது கணக்கு வேறாகிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டுக்காக, ஒரு நகரில் ஓர் இலட்சம் பேர் இருப்பதாகவும், அவர்களில் 100 பேருக்கு வாய்ப்புற்று இருப்பதாகவும் கொள்வோம். நூற்றுக்கு 91 என்ற அந்தச் சிறந்த சோதனையையே எல்லார்க்கும் செய்வோம். 100 நோயாளிகளில் 91 பேர் அகப்படுவர். 9 பேர் தப்பிவிடுவர். எஞ்சிய 99,900 நலமுள்ளோரில் நூற்றுக்கு 9 பேர், அதாவது 8,991 பேர், நோய் இல்லாமலே "நோய் இருக்கலாம்" என்ற சீட்டைப் பெறுவர். ஆகச் சீட்டு வாங்கிய 9,082 பேரில் மெய்யாகவே நோயுள்ளவர் 91 பேர், நூற்றுக்கு ஒருவர். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் சில வாரம் உறக்கமின்றிக் கழிப்பர். அவர்களிற் பலர் கத்தியின் முன் வாயைத் திறக்கவும் நேரும்.

ஊசி போன இடம் தெரிகிறதா? அது மறையவில்லை; வாசலிலிருந்து நகர்ந்து உள்ளறையில் போய் அமர்ந்துகொண்டது.

இது வெறுங்கணக்கு அன்று. ஒரு நாடு இதனை வாழ்ந்தே பார்த்தது. நியூரோபிளாஸ்டோமா என்பது குழந்தைகளின் நரம்புத் திசுக்களில் தோன்றும் புற்று. அது சுரக்கும் சில பொருள்கள் சிறுநீரில் வெளிப்படும். ஜப்பானில் 1980-களின் நடுவிலிருந்து நாடெங்கும் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்து வந்தனர். குழந்தையின் ஈரத்துணியிலிருந்து ஒரு தாளில் ஒற்றி எடுத்தால் போதும். குழந்தை அழவும் மாட்டாது. இதனினும் ஊறற்ற சோதனை ஒன்று உண்டா? முன்னைவிடப் பன்மடங்கு குழந்தைகளிடம் கட்டிகள் கண்டுபிடிக்கப்பட்டன. பெற்றோர் நன்றியுடன் கைகூப்பினர். ஆனால் அந்த வயதில் காணப்படும் இவ்வகைக் கட்டிகளிற் பல தாமாகவே சுருங்கி மறைந்துவிடும் இயல்புடையவை என்பது நாளடைவில் தெளிவாயிற்று. விட்டிருந்தால் மறைந்திருக்கும் கட்டிகளுக்காகப் பச்சிளங் குழந்தைகள் அறுவைக்கும் கடும் மருந்துகளுக்கும் ஆளாயினர். சிகிச்சையின் விளைவாலேயே இறந்த குழந்தைகளும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்திலும் ஜெர்மனியிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 2002-ஆம் ஆண்டு வெளிவந்தன. இச்சோதனையால் இறப்பு குறையவில்லை என்று இரண்டுமே காட்டின. 2003-ஆம் ஆண்டு எடுத்த முடிவின்படி ஜப்பான் அத்திட்டத்தை நிறுத்தியது. பின்னர் 2008-இல், இறப்பு ஓரளவு குறைந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர் சிலர் எழுதினர். வழக்கு முற்றிலும் முடிந்துவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பெற்றோர்களை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

நம் நெறியில் ஊறு என்பது தோலில் விழும் காயம் மட்டுமன்று. கவனமின்மையே அதன் வேர் என்று ஆசான்கள் தெளிவுறச் சொல்லியிருக்கிறார்கள். கவனத்தோடு நடப்பவன் காலடியில் ஓர் உயிர் தற்செயலாக மடிந்தால், கொன்ற குற்றம் அவனைச் சேர்வதில்லை. கவனமின்றி நடப்பவன் ஓர் உயிரையும் மிதிக்காவிடினும் ஊறு செய்தவனே ஆகிறான். துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளில் பேச்சில் காட்ட வேண்டிய கவனமும் ஒன்று. உடற்கழிவை ஒதுக்குவதில் காட்ட வேண்டிய கவனமும் ஒன்று. உமிழ்நீர்ச் சோதனையில் இவ்விரண்டும் ஒருங்கே வந்து நிற்பது நமக்கு வியப்பாகவே இருந்தது. அறுவை மருத்துவர் கத்தியை எடுக்கும்போது அவர் கையும் நம் நெஞ்சும் ஒருசேர நடுங்குகின்றன. அந்நடுக்கமே கவனத்தைக் கொண்டுவருகிறது. துப்புவதற்கு யார் நடுங்குவர்? எளிமை பெரும்பேறுதான். எளிதானவற்றில் நாம் கவனத்தை இழந்துவிடுகிறோம் என்பதே இங்குள்ள இடர்.

இனி, அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். படிக்கத்திலிருந்து எடுப்பது தவறா?

கொடாததைக் கொள்ளாமை என்பது இல்லறத்தார்க்கும் உரிய விரதம். விழுந்து கிடக்கும் பொருளையும் உடையவன் கொடாமல் எடுக்கலாகாது என்பார்கள். துப்பிய எச்சிலுக்கு உடைமை ஏது என்று கேட்கலாம். எச்சிலுக்கு இல்லைதான். ஆனால் பேரன் வேண்டுவது எச்சிலையா? அதில் எழுதியிருக்கும் செய்தியையல்லவா! அச்செய்தி அந்தப் பெரியவரின் உயிரோடு ஒட்டியது. அவருடைய எஞ்சிய நாட்களைப் பற்றியது. அதை அவர் கொடுக்கவில்லை. இரத்தம் எடுக்க வேண்டுமாயின் அவர் கையை நீட்டியாக வேண்டும். நீட்டுதலே அவருடைய இசைவு. ஊசிக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்: அது கேளாமல் குத்தாது. உமிழ்நீரோ கேளாமலே கிடைக்கிறது.

"உயிரைக் காப்பாற்றத்தானே எடுக்கிறோம்" என்று அந்த அம்மையார் கண்கலங்கச் சொன்னார். அவருடைய அன்பை நாம் ஒரு கணமும் ஐயுறவில்லை. நினைவிழந்து கிடப்பவரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மையே. ஆனால் இவர் திண்ணையில் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறாரே! மேலும், நடப்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொன்னோம். சோதனையில் "இருக்கலாம்" என்று வந்தால் என்ன செய்வீர்கள்? உமிழ்நீரை மட்டும் கொண்டு வாய்ப்புற்று என்று முடிவு கட்டிச் சிகிச்சை தொடங்கும் மருத்துவர் இல்லை. வாயைத் திறந்து பார்த்து, திசுவில் சிறிது எடுத்துச் சோதித்த பின்னரே முடிவு. அப்போதும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அன்று அவர் "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். "இல்லை" என்று வந்தால்? வீடே நிம்மதியில் திளைக்கும். அந்த வெண்திட்டை மறந்துவிடும். தப்பிய அந்த 9 பேரில் இவரும் ஒருவராக இருக்கலாம் என்பது யார் நினைவிலும் நில்லாது. மருத்துவரின் கண் பார்க்க வேண்டிய ஒன்றைத் தாளில் வந்த ஒரு சொல் மூடிவிடும்.

கண் என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. வாய்ப்புற்றை ஊறின்றிக் காண்பதற்கு உமிழ்நீர்தான் வர வேண்டும் என்பதில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் 1990-களின் நடுவில் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, 35 வயதைக் கடந்தோரின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். 2005-ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. உலகம் இன்றும் எடுத்துப் பேசும் ஆய்வு அது. ஆனால் அதே ஆய்வில் உள்ள மற்றோர் எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. "உங்கள் வாயில் ஐயத்துக்குரிய மாற்றம் தெரிகிறது, மருத்துவரிடம் வாருங்கள்" என்று சொல்லப்பட்டவர்கள் 5,145 பேர். அவர்களில் வந்தவர்கள் 3,218 பேர்தான். நூற்றுக்கு 37 பேர் வரவே இல்லை.

இவர்களைத் தடுத்தது எது? ஊசி இல்லை, பார்வை மட்டுமே. பொருள் முடை சிலரைத் தடுத்திருக்கும். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை சிலரை. எஞ்சியவரைத் தடுத்தது அச்சமாகத்தான் இருக்க வேண்டும், அறிந்துகொள்வதன் அச்சம். சோதனை எவ்வளவு மென்மையானாலும் அந்த அச்சத்தை அது தொடுவதில்லை. அதைத் தொடக்கூடியது அருகில் அமர்ந்து பேசும் ஒரு மனிதரின் சொல் மட்டுமே.

உமிழ்நீர் சொல்லும் செய்தியில் வேறு வகை ஒன்றும் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு இலண்டன் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 55 முதல் 69 வயது வரையிலான ஆடவர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உமிழ்நீரை அஞ்சலில் பெற்று, அதிலுள்ள மரபணு வேறுபாடுகள் 130-ஐக் கணக்கிட்டு, பிராஸ்டேட் சுரப்பியில் புற்று வரும் வாய்ப்பு மிகுந்த பத்தில் ஒரு பங்கினரை மேற்சோதனைக்கு அழைத்தனர். வந்த 468 பேரில் 187 பேரிடம் புற்று காணப்பட்டது. இங்கே உமிழ்நீர் காட்டுவது இருக்கும் புற்றை அன்று; பிறப்பிலேயே வந்த இயல்பை. அவ்வியல்பில் உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் பங்குண்டு. ஒருவர் துப்பினால், கேளாத அவர் தம்பியைப் பற்றியும் ஒரு செய்தி வெளிவருகிறது. பெண் பார்க்க வரும் வீட்டார் சாதகத்தோடு இதையும் கேட்கும் நாள் வராது என்று யார் உறுதி கூறுவார்? நம் சமூகம் சிறியது. எல்லாரும் எல்லார்க்கும் உறவு. சிறிய சமூகத்தில் ஒரு செய்தி எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதை வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் எண்ணிய பிறகு அந்த அம்மையாரிடம் நாம் சொன்னது சிறிது: "படிக்கத்தைத் தொடாதீர்கள். அவரையே கேளுங்கள். மறுத்தால், ஏன் என்று கேளுங்கள்." இதுவரை எவரும் அவரிடம் "ஏன்" என்று கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. "வாருங்கள், போகலாம்" என்றே எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு மாலையில் உணவு முடிந்தபின் மருமகள் கேட்டாராம். பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு தம் அண்ணனைப் பற்றிச் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய அண்ணனுக்கு வயிற்றில் புற்று. வீட்டார் அவரிடம் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "புண்தான், ஆறிவிடும்" என்றார்கள். "கடைசி வரையில் எல்லாரும் என்னிடம் எதையோ மறைக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லியே அண்ணன் போய்ச் சேர்ந்தார். மறைத்தவர்களில் நானும் ஒருவன்" என்றாராம். அவர் அஞ்சியது கத்திக்கு அன்று. தம்மைச் சுற்றி வீடு கிசுகிசுப்பதற்கே அஞ்சினார். பேரன் அன்போடு சொன்ன வழி, அந்த அச்சத்தை அப்படியே அவர் முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும்.

"எது வந்தாலும் முதலில் உங்களிடம்தான் சொல்வோம், மாமா" என்று மருமகள் வாக்களித்தார். அடுத்த வாரமே பெரியவர் நகரத்துக்குச் சென்று பல் மருத்துவரிடம் வாயைத் திறந்தார். சிறிதளவு திசு எடுத்துச் சோதித்தார்கள். எடுக்கும் முன் மருத்துவர் அவரையே கேட்டு, அவரிடமே கையொப்பம் வாங்கினார். முடிவு வந்தபோது அதைப் பிரித்துப் படித்தவரும் அவரே. புற்று இல்லை, ஆனால் அணுக்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது, பாக்கை அறவே விட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று இருந்தது.

பாக்கைப் பற்றி நம் வீடுகளில் ஒரு தவறான எண்ணம் உண்டு. புகையிலை சேராத பாக்கு தீங்கற்றது என்று நினைக்கிறோம். திருமணப் பந்தலில் தட்டுத் தட்டாக வைக்கிறோம். உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கு தனித்தே புற்றை உண்டாக்க வல்லது என்று 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுதியில் ஐயத்துக்கு இடமின்றி உரைத்துவிட்டது. மதுவையும் புலாலையும் விலக்கியதில் பெருமிதம் கொள்ளும் நாம் இந்தத் தட்டை மட்டும் ஏன் விட்டுவைத்தோம் என்பது தனியே எழுத வேண்டிய பொருள்.

பேரனுக்கு முதலில் சற்று வருத்தம்; தன் வழியை யாரும் கேட்கவில்லையே என்று. பெரியவரே அவனைத் தொலைபேசியில் அழைத்து, அந்த உமிழ்நீர்ச் சோதனை எப்படி நடக்கிறது, எச்சிலில் என்ன தெரிகிறது என்று அரைமணி நேரம் விசாரித்தாராம். அடுத்த முறை மருத்துவரிடம் போக வேண்டியது தை மாதத்தில். பாக்குப் பெட்டி இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது. அதில் இப்போது கிராம்பும் ஏலமும் வைத்திருக்கிறார்.